கெட்டித்து வைத்த துப்பாக்கி

மயில்சாமி இறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு நாள் அவன் மனைவி கயல், அவன் நண்பன் சந்தானத்துக்கு போன் செய்தாள். நலம் விசாரிக்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்.

"இந்த வருஷம் பன்னி வேட்டைக்குப் போறீங்களாண்ணா?"

சந்தானம் கேட்டி என்ற ஊரில் தன் வீட்டு வாசலில் குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டிருந்தான். அப்படியே நின்றுவிட்டான். வேட்டை பற்றி அந்த வருடம் யாரும் பேச்செடுக்கவில்லை. நாலு பேராகப் போய்ப் பழகிய இடத்துக்கு மூன்று பேராகப் போக வேண்டாம் என்று, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே முடிவு செய்திருந்தார்கள்.

"ஒண்ணும் பிளான் பண்ணல கயல். ஏன் கேக்கறீங்க?"

"போனீங்கன்னா நானும் வரேன். அவரோட துப்பாக்கிய எடுத்துட்டு வரேன்."

ஆறு வருடத்தில் ஒருமுறைகூட அவள் வந்ததில்லை. வேட்டை இறைச்சியை வீட்டுக்குள் விட்டதும் இல்லை. மயில்சாமி தன் பங்கை சந்தானத்தின் ஃப்ரீசரில்தான் வைப்பான்.

இந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்ததே மயில்சாமிதான். சாதாரணத் துப்பாக்கி வாங்க விசாவில் வந்தவர்கள் பயந்துகொண்டிருந்த காலத்தில், வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் கெட்டிக்கிற பழைய மாதிரித் துப்பாக்கி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். "டேய், சட்டத்துக்கு இது துப்பாக்கியே இல்லடா. பழம்பொருள். பாட்டன் காலத்துச் சாமான்" என்றான். ஒரு முறைக்கு ஒரு குண்டுதான். குதிரை விழுந்து தட்டித் தீ மூட்ட, குழலுக்கு வெளியே ஒரு சின்ன வெடிக் கேப்பையும் மாட்ட வேண்டும். அடுத்ததைக் கெட்டிக்க ஒரு நிமிஷமாவது ஆகும். அதற்குள் பன்றி அடுத்த கவுண்ட்டிக்குப் போய்விடும். அதுதான் நியாயமான வேட்டை என்பான். சந்தானம் வாங்கினான். பிறகு சுகர் லேண்டில் பல் டாக்டராக இருக்கும் கிரீஷ், பிறகு ரஞ்சித்குமார். வருடத்துக்கு ஒரு வாரக்கடைசி, கொலராடோ ஆற்றுப் பக்கம் டார்லீன் என்ற பெண்ணின் பண்ணை. அவளுடைய வைக்கோல் வயலைப் பன்றிகள் உழுதது போலக் கிளறிப் போட்டுவிடும். யார் வந்து சுட்டாலும் அவளுக்குச் சந்தோஷம்.

போன வருடம் ஜனவரியில் மயில்சாமிக்கு வேலை போயிற்று. பதினோரு வருடமாக கிரீன் கார்டு வரிசையில் நின்றவன். அறுபது நாளுக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். அந்த நிலையிலும் பிப்ரவரியில் வேட்டைக்கு வந்தான், எல்லாரையும் சிரிக்க வைத்தான். அறுபதாவது நாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது வேலையும் கிடைத்தது. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாட்மிண்டன் கோர்ட்டில் செர்வ் போடக் கையைத் தூக்கியவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. இதய அடைப்பு என்றார்கள். நாற்பத்தேழு வயது. மகள் தீக்ஷா பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள்.

கயல் கேட்டதும் யாராலும் மறுக்க முடியவில்லை.

ரஞ்சித்குமாரின் பெரிய வண்டியில் சனிக்கிழமை காலை கிளம்பினார்கள். மற்ற மூன்று துப்பாக்கிகளும் பின்பக்கம் சாமான்களோடு கிடந்தன. கயல் மட்டும் தன்னுடையதைத் தரவில்லை. உறைக்குள் இருந்த அதைக் காலடியில் நிறுத்தி, முழங்காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். கொலம்பஸ் ஊரைத் தாண்டும்போது கிரீஷ், "அக்கா, பின்னாடி நிறைய எடம் இருக்கு. கால் வலிக்கப் போகுது" என்றான்.

"பரவால்ல கிரீஷ். இங்கயே இருக்கட்டும்."

மழை தூறிக்கொண்டே வந்தது. ஃப்ரீவேயை விட்டு இறங்கிய பிறகு பனிமூட்டமும் சேர்ந்துகொண்டது. வேலிக்கம்பிகள் மட்டும் கூடவே வந்தன.

பண்ணையில் இவர்களுக்கென்று ஒரு தகர வீடு உண்டு. போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை துப்பாக்கிகளைச் சோதிப்பது. மயில்சாமி போட்டுவைத்த விதி அது. கெட்டிக்கும் கோலைக் குழலுக்குள் விட வேண்டும். குழல் காலியாக இருந்தால் கோல் அடிவரை போய் 'டிங்' என்று இரும்பில் இடிக்கும். எவ்வளவு தூரம் இறங்கவேண்டும் என்பதற்குக் கோலில் ஒரு கோடு கீறியிருக்கும். வீட்டுக்குக் கிளம்பும் முன் எல்லாத் துப்பாக்கியையும் சுட்டுக் காலி செய்துவிட வேண்டும் என்பதும் அவன் விதிதான். போன வருடம் ஊருக்குத் திரும்பும் நாளில், மயில்சாமி கடைசியாக வானத்தைப் பார்க்காமல் மண்மேட்டைப் பார்த்துச் சுட்டதும், புகை கலைந்ததும் குழலுக்குள் கோலை விட்டு "டிங்!" என்று வாயாலும் சத்தம் கொடுத்ததும் சந்தானத்துக்கு நன்றாக நினைவிருந்தது.

தன்னுடையது, கிரீஷுடையது, ரஞ்சித்துடையது மூன்றும் டிங் என்றன. கயல் கொண்டுவந்ததை உறையிலிருந்து எடுத்தான். கோலை விட்டான்.

சத்தம் வரவில்லை. பஞ்சில் குத்தியது போல மெத்தென்று நின்றது. கீறல் குழலின் வாய்க்கு மேலே ஒரு விரற்கடை நின்றுகொண்டிருந்தது.

இன்னொரு தடவை விட்டுப் பார்த்தான். அதே இடம்தான். உள்ளே குண்டு இருந்தது.

அவன் முதுகு சில்லிட்டது. மழைக்காற்று ஒரு காரணம் என்று நினைத்துக்கொண்டான். காலியாக வீட்டுக்குப் போன துப்பாக்கி அது. அதற்குப் பிறகு மயில்சாமி வேட்டைக்கே போகவில்லை. நாலாபுறமும் வீடுகள் நெருங்கிய குடியிருப்பில், இரண்டு கார் நிற்கும் கராஜில், எந்தப் பன்றிக்காக ஒருவன் துப்பாக்கியைக் கெட்டிப்பான்?

நிமிர்ந்தான். கயல் தகர வீட்டு வாசலில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் ஓகேவா?" ரஞ்சித்குமார் கேட்டான்.

"ஓகே" என்றான் சந்தானம். கோலை அதன் இடத்தில் சொருகினான்.

அப்போதுதான் அந்த போன் நினைவுக்கு வந்தது. போன மார்ச், ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். ஆபீஸ் முடிந்து ஃப்ரீவேயில் ஊர்ந்துகொண்டிருந்தபோது மயில்சாமி கூப்பிட்டான். பேச்சோடு பேச்சாகக் கேட்டான், "லோட் பண்ணி வச்சா எத்தனை நாள்டா தாங்கும்? அப்புறம் வெடிக்குமா?" சந்தானம் குஷியாகிவிட்டான். தெரிந்த விஷயம். ஈரம் படாமல் இருந்தால் வருஷக்கணக்காகத் தாங்கும், பரணில் கிடந்த துப்பாக்கி நூறு வருஷம் கழித்து வெடித்திருக்கிறது, கண்டிப்பாக வெடிக்கும் என்று அளந்து தள்ளினான். எதுக்குடா கேக்கற என்று கேட்கத் தோன்றவே இல்லை.

மதியம் மூன்றரைக்கு இரண்டிரண்டு பேராகப் பிரிந்தார்கள். கிரீஷும் ரஞ்சித்தும் வயல் ஓரத்துக்குப் போனார்கள். கயல், "அவர் உக்கார்ற எடத்துல உக்கார்றேன்" என்றாள். அது ஓடைக்கரையில், நாலு கால் மேல் பலகையடித்து நிறுத்திய மறைவுக் கூண்டு. ஏணி வைத்து ஏற வேண்டும். உள்ளே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, முன்னால் நீளமாக ஒரு திறப்பு. சந்தானம் தன் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று கயல் கேட்கவில்லை.

எண்பது அடி தள்ளி ஓடைப் பள்ளத்தில் மக்காச்சோளம் இறைத்திருந்தது. மூட்டத்தில் மரங்கள் பாதிதான் தெரிந்தன. இலைகளிலிருந்து சொட்டும் தண்ணீர், ஆள் நடப்பது போலவே சத்தம் போட்டது. கொஞ்ச நேரத்தில் தூரத்தில் ஒரு வேட்டுச் சத்தம் அமுங்கிக் கேட்டது. கிரீஷ் சுட்டிருக்க வேண்டும்.

கயல் திறப்பு வழியாகவே பார்த்துக்கொண்டு சொன்னாள். "கோல விட்டுப் பாத்தீங்கல்ல. உள்ள இருக்குன்னு தெரிஞ்சுது. ஏன் ஓகேன்னு சொன்னீங்க?"

சந்தானம் அவள் பக்கம் திரும்பினான். "உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?"

சொன்னாள். மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை. வேலைக்குக் கிளம்பிப் போனவள் ஆஸ்பத்திரி பேட்ஜை மறந்துவிட்டு பாதி வழியில் திரும்பியிருக்கிறாள். வண்டியிலிருந்தபடியே பட்டனை அழுத்தியிருக்கிறாள். கராஜ் கதவு மெதுவாக மேலே போயிற்று. முதலில் அவன் செருப்பு தெரிந்தது. பிறகு முழங்கால். பிறகு முழங்கால் மேல் படுக்கப் போட்டிருந்த துப்பாக்கி. கடைசியில்தான் முகம் தெரிந்தது.

"கிளீன் பண்றேன்னார். கையில அந்தக் கேப் டப்பா. அது மட்டும்தான் போட பாக்கி. நான் டப்பாவப் பிடுங்கி ஹேண்ட்பேக்ல போட்டுக்கிட்டேன். ஒண்ணும் பேசல. கதவ மூடிட்டு ரெண்டு பேரும் தரையிலயே உக்காந்திருந்தோம். தீக்ஷா ஸ்கூல் பஸ்ல வர்ற வரைக்கும்."

"கயல்..."

"அப்புறம் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். மாத்திரை சாப்பிட்டார். வேலை கிடைச்சுது. நல்லாத்தான் இருந்தார்ணா. கடைசி ரெண்டு மாசம் நல்லாவே இருந்தார். அதுக்கப்புறம் இப்படி ஆயிடுச்சு." மூச்சு விட்டாள். "இதை யார்கிட்ட குடுப்பேன்? எப்படிக் காலி பண்றதுன்னு தெரியல. யார்கிட்ட கேட்டாலும், ஏன் லோட் ஆயிருக்குன்னு கேப்பாங்க. கேட்டா அவரப் பத்தி இத மட்டும்தான் ஞாபகம் வச்சுப்பாங்க. அதே வீட்ல தீக்ஷா தூங்குறா. துணி அலமாரிக்குப் பின்னாடி அது நிக்குது. அது அங்க மூச்சு விடற மாதிரியே இருக்கும். அது வெளிய போறத நான் பாக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

சந்தானம் பேசாமல் இருந்திருக்கலாம். பிறகு எத்தனையோ முறை அப்படி நினைத்தான். ஆனால் அந்தக் கூண்டுக்குள், அவள் முழங்கை தன் மேல் இடித்துக்கொண்டிருந்தபோது, அவனால் முடியவில்லை. அதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை வந்த போனைச் சொன்னான். கேட்ட கேள்வியை, தான் சொன்ன பதிலை, வார்த்தை விடாமல்.

கயல் திறப்பிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"கண்டிப்பா வெடிக்கும்னு சொன்னீங்களா?"

"ஆமா."

"சிரிச்சாரா?"

"சிரிச்சான்."

"இத நீங்க எங்கிட்ட சொல்லாம இருந்திருக்கலாம்ணா" என்றாள்.

அப்போது கூண்டுக்குக் கீழே, ஏணி அடியில், ஒரு ஆள் தொண்டையைச் செருமினான். மயில்சாமி பேச ஆரம்பிக்கும் முன் செருமுவது போலவே, இரண்டு முறை, குட்டையாக. சந்தானத்தின் கை மயிர் நட்டுக்கொண்டது. கயலைப் பார்த்தான். அவளும் கேட்டிருந்தாள். அவள் கண்கள் விரிந்து நின்றன. அவன் எழுந்து பக்கவாட்டுப் பலகை இடுக்கு வழியாகக் குனிந்து பார்த்தான். ஏணி நனைந்து நின்றது. யாரும் இல்லை.

பிறகு கூண்டுக்கு அடியிலிருந்தே அது வெளியே வந்தது. பெரிய ஆண் பன்றி, தனியாக. சேறு காய்ந்து முதுகில் செதில் செதிலாக நின்றது. ஒரு காதில் பாதி இல்லை. அவசரமே இல்லாமல் நடந்து போய் மக்காச்சோளத்தில் வாயை வைத்தது.

"கேப் போட்டுக் குடுங்க" என்றாள் கயல். ஹேண்ட்பேக்கிலிருந்து அந்த டப்பாவை எடுத்து நீட்டினாள்.

"நான் சுடட்டுமா?"

"நான்தான் சுடணும்."

சந்தானம் சின்னத் தாமிரக் கேப்பை எடுத்துக் குதிரைக்குக் கீழே இருந்த முனையில் அழுத்தினான். குதிரையைப் பின்னால் இழுத்து, கட்டையைத் தோளில் பதிக்கச் சொன்னான். குழலைத் திறப்பின் விளிம்பில் தாங்கலாக வைத்தான். காதோரம் வாயை வைத்து, "தோளுக்குப் பின்னாடி. மெதுவா விசைய அழுத்துங்க" என்றான்.

குதிரை விழுந்தது. டப் என்று கேப் மட்டும் வெடித்தது. அவ்வளவுதான்.

"அசையாதீங்க! அப்படியே பிடிங்க!" சில சமயம் தீ தாமதமாகப் பிடிக்கும். ஒரு நிமிஷமாவது குழலைத் திருப்பக் கூடாது. அவன் அவள் கை மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டு எண்ண ஆரம்பித்தான்.

அந்தச் சத்தத்துக்கே பன்றி ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. தலையைத் தூக்கிக் கூண்டைப் பார்த்தது. இருபது எண்ணினான். முப்பது. அது பார்த்துக்கொண்டே நின்றது. அதன் மூச்சு குளிரில் ஆவியாக வந்து வந்து போயிற்று. குழல் முனை அதன் நெஞ்சுக்கு நேரே இருந்தது. அறுபது எண்ணி முடித்தபோது கயலின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஆனால் கை ஆடவில்லை. அதன் பிறகுதான் பன்றி திரும்பி, வந்தது போலவே நிதானமாக மூட்டத்துக்குள் போயிற்று.

இன்னும் இரண்டு கேப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டும் வெறுமனே டப் என்றன.

தகர வீட்டுக்குத் திரும்பியபோது இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. கிரீஷும் ரஞ்சித்தும் தாங்கள் சுட்ட பன்றியை அறுத்துச் சுத்தம் செய்ய டார்லீனின் கொட்டகைக்குப் போயிருந்தார்கள். சந்தானம் வாசலில் துப்பாக்கியை நிறுத்தி, கோலின் முனையில் திருகு ஒன்றை மாட்டி உள்ளே விட்டான். ஈயத்தில் அது கடித்துக்கொள்ளும் வரை முறுக்கினான். இழுத்தான். மெல்ல மெல்ல வந்து, கடைசியில் சுற்றியிருந்த துணித்துண்டோடு குண்டு வெளியே வந்தது. பழைய நோட்டீஸ் ஒன்றைத் தரையில் விரித்துக் குழலைக் கவிழ்த்தான். தட்டினான்.

ஒன்றும் விழவில்லை.

மறுபடி தட்டினான். டார்ச் அடித்துப் பார்த்தான். வெள்ளைத் துணி சுற்றி விட்டு எடுத்தான். கேப்பின் லேசான கரிதான் ஒட்டி வந்தது. மருந்து ஒரு பொடி இல்லை.

"என்னண்ணா?"

"மருந்து இல்ல." அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "குண்டு மட்டும்தான் போட்டிருக்கான். மருந்தே போடல. அன்னிக்குக் கேப் போட்டிருந்தாலும் வெடிச்சிருக்காது."

கயல் வாசற்படியில் உட்கார்ந்தாள். நனைந்த பலகை. அதைக் கவனிக்கவில்லை.

மருந்தை மறந்துவிட்டுக் குண்டைக் கெட்டிப்பது இந்தத் துப்பாக்கியில் சகஜமான தப்பு. கிரீஷ் இரண்டு முறை செய்திருக்கிறான், சந்தானமே செய்திருக்கிறான். மயில்சாமி ஒருமுறையும் செய்ததில்லை. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவன் கை எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரியும்? தெரிந்தே போடாமல் விட்டானா? முந்தின நாள் போன் செய்து அதையெல்லாம் கேட்டவன் ஏன் விட வேண்டும்?

"அவர் மறக்கிற ஆளா?" கயல் கேட்டாள்.

சந்தானம் அவள் முகத்தைப் பார்த்தான். "இல்ல" என்றான். "மறக்கிற ஆள் இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சாவு வீட்டில்கூட அவள் அப்படி அழுது அவன் பார்த்ததில்லை.

மறுநாள் காலை கிளம்பும்போது துப்பாக்கியைக் கயல் வண்டியில் ஏற்றவில்லை. டார்லீனிடம் கொடுத்து, வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். வழியில் தீக்ஷாவுக்கு போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்டாள். சந்தானத்தோடு மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டியில் இறங்கும்போதும் கிரீஷிடமும் ரஞ்சித்திடமும்தான் சொல்லிக்கொண்டு போனாள். சந்தானம் தன் மனைவி ஷ்யாமளாவிடம் அன்றைக்கே எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேட்டது ஒன்றுதான். "அந்த போன் விஷயத்த ஏன் அவகிட்ட சொன்னே?"

நாலு மாதம் கழித்து, ஜூனில், கயல் கூப்பிட்டாள். அவன் மளிகைக் கடை பார்க்கிங் லாட்டில் இருந்தான்.

"அண்ணா, அன்னிக்கு போன்ல அவர் வேற என்ன பேசினார்? அந்தக் கேள்வி தவிர. ஒண்ணு விடாம சொல்லுங்க."

ஏசியைப் போட்டுக்கொண்டு காரிலேயே உட்கார்ந்து நினைவைத் துழாவினான். டிராஃபிக் பற்றிக் கேட்டான். மழை வருமா என்று கேட்டான். தீக்ஷாவின் ஸ்கூல் ஆர்கெஸ்ட்ரா பற்றி ஏதோ சொன்னான்.

"தீக்ஷாவப் பத்தியா? என்ன சொன்னார்?"

"நல்லா வாசிக்கிறான்னு சொன்னான். அடுத்த கச்சேரிக்கு நாமெல்லாம் போகணும்னு."

"அடுத்த கச்சேரிக்கா? போகணும்னா சொன்னார்?"

"ஆமா கயல்."

"தேங்க்ஸ்ணா."

மூன்று வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டாள். பிறகு ஆகஸ்டில். ஒவ்வொரு முறையும் அதே கேள்வி. ஒவ்வொரு முறையும் அவனுக்குப் புதிதாக ஏதாவது ஒன்று ஞாபகம் வந்தது. கோடை விடுமுறைக்கு ஊருக்கு டிக்கெட் பார்க்க வேண்டும் என்று சொன்னது. கயலுக்குத் தெரியாமல் அவள் பிறந்தநாளுக்கு ஏதோ யோசித்துவைத்திருப்பதாகச் சொன்னது. பத்து நிமிஷம் பேசிய பேச்சு இப்போது அரை மணி நேரத்துக்கும் மேலாக நீண்டுவிட்டது.

"அவன் நிஜமாவே இதெல்லாம் சொன்னானா?" ஒரு நாள் ஷ்யாமளா கேட்டாள்.

"சொன்னான்" என்றான் சந்தானம்.

எது நடந்தது, எதைத் தானே சேர்த்தான் என்று பிரித்துப் பார்க்க அவன் முயன்றிருக்கிறான். முடியவில்லை. எல்லாமே மயில்சாமியின் குரலில்தான் காதில் விழுகிறது. ஆபீஸிலிருந்து திரும்பும் வழியில், ரேடியோவை அணைத்துவிட்டால் போதும், அவன் பேச ஆரம்பித்துவிடுகிறான். நேற்று, சந்தானம் இதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னான். கயல் அடுத்த முறை கூப்பிடும்போது அதையும் சொல்ல வேண்டும்.